வண்டிக்கு இடம் கிடைத்தால்தான் லீவு

ட்ரக் டிரைவருக்கு லீவு கிடைப்பது கஷ்டம் என்று எல்லாருக்கும் தெரியும். லீவு கிடைத்தும் வீட்டுக்குப் போக முடியாமல் வழியில் நிற்பவர்களைப் பற்றி வெளியே அவ்வளவாகத் தெரியாது. நான் அமெரிக்காவில் ஒரு சின்ன ட்ரக் கம்பெனியில் டிஸ்பாட்ச் வேலை பார்க்கிறேன். எந்த லோடை யார் எடுப்பது, எங்கே இறக்குவது, யார் எப்போது வீட்டுக்குப் போவது என்று நாள் முழுக்க ஃபோனும் கையுமாக இருக்கும் வேலை. வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் வருகிற ஃபோன்களில் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: வண்டியை எங்கே விடுவது?

ஊரிலிருந்து பேசும் சொந்தக்காரர்கள் இதைக் கேட்டதும், "வீட்டு வாசல்ல நிறுத்திக்க வேண்டியதுதானே?" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இங்கே ஓடும் வண்டியின் அளவை நினைத்துப் பார்க்க வேண்டும். டிரெய்லர் மட்டுமே 53 அடி. இழுக்கும் முன்வண்டியையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 70 அடி. முழு லோடு ஏற்றினால் 80,000 பவுண்டு வரை, அதாவது சுமார் 36 டன். குடியிருப்புத் தெருவில் இது திரும்பவே முடியாது. திரும்பினாலும் பக்கத்து வீட்டுக்காரர் காரை வெளியே எடுக்க முடியாது. டிரெய்லரை எங்காவது கழற்றி விட்டுவிட்டு முன்வண்டியை மட்டும் ஓட்டி வருவதை இங்கே பாப்டெயில் என்பார்கள். அதையும் பல ஊர்களில் வீட்டு முன்னால் நிறுத்த விடமாட்டார்கள். நியூயார்க் நகரத்தில் இரவு 9 மணி முதல் காலை 5 மணி வரை குடியிருப்புத் தெருவில் எந்த வணிக வாகனமும் நிற்கக் கூடாது. வேறு ஊர்களில் எடைக் கணக்கு, நீளக் கணக்கு என்று வேறு வேறு விதிகள். நகராட்சி சும்மா இருந்தாலும், வீட்டு உரிமையாளர் சங்கத்திலிருந்து கடிதம் வந்துவிடும்.

வேலையின் போக்கையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நெடுந்தூர டிரைவர்கள் ஒரு வாரம் வெளியே ஓடினால் ஒரு நாள் வீடு என்பது இந்தத் தொழிலில் நெடுநாளாக இருக்கும் வழக்கம். மூன்று வாரம் ஓடினால் மூன்று நாள். சம்பளம் மைல் கணக்கில். 1938-ல் வந்த கூலிச் சட்டம் இவர்களை ஓவர்டைமிலிருந்து விலக்கி வைத்தது, இன்றும் அப்படித்தான் இருக்கிறது. சக்கரம் உருண்டால்தான் காசு. அதனால் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு நாளும் டிரைவர் தன் கைக்காசைப் போட்டு வாங்கிய நாள். அந்த நாளில் பாதியை இடம் தேடியே செலவழிக்க வைப்பது எனக்குத் திருட்டு மாதிரிதான் படுகிறது.

அப்புறம் மணிக் கணக்கு. ஒரு நாளில் 11 மணி நேரம் ஓட்டலாம். ஆனால் வேலை தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள் அதை முடித்துவிட வேண்டும். பிறகு 10 மணி நேரம் ஓய்வு. எட்டு நாளில் 70 மணி நேரம் வேலை பார்த்தாயிற்று என்றால் மேலே ஓட்டக் கூடாது. தொடர்ந்து 34 மணி நேரம் ஓய்வெடுத்தால் கணக்கு மறுபடியும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 2017 டிசம்பரிலிருந்து இதையெல்லாம் வண்டியின் இன்ஜினோடு இணைந்த கருவியே பதிவு செய்கிறது. முன்பு காகித லாக் புத்தகத்தில் அரை மணி அங்கே இங்கே தள்ளி எழுதுவார்கள். இப்போது அது நடக்காது. தூக்கக் கலக்கத்தில் ஓட்டும் வண்டி என்ன செய்யும் என்று கேட்டுத் தெரிந்தவள் நான். அதனால் இந்த விதிகள் வேண்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் விதி ஓட்டுகிறவரின் மணியை மட்டும்தான் எண்ணுகிறது. அவரைக் காக்க வைத்தவரின் மணியை யாரும் எண்ணுவதில்லை.

அது எப்படி என்றால், வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்கு ஒரு கிடங்கில் லோடு இறக்க நேரம் கொடுத்திருப்பார்கள். டிரைவர் சரியாகப் போய்விடுவார். டாக் (லோடு இறக்கும் மேடை) காலியில்லை, காத்திருங்கள் என்பார்கள். இரண்டு மணி, மூன்று மணி, சில சமயம் ஐந்து மணி நேரம் ஆகும். அந்த நேரமும் 14 மணிக் கணக்கில் ஓடிக்கொண்டேதான் இருக்கும். மாலை இறக்கி முடிக்கும்போது வீடு 100 மைலுக்குள் இருக்கும், கையில் முக்கால் மணி நேரம் மிச்சமிருக்கும். வெள்ளிக்கிழமை இரவு சாப்பாட்டுக்குப் பிள்ளைகள் காத்திருக்க, இவர் ஏதாவது ஒரு ட்ரக் ஸ்டாப்பில் இடம் தேடிக்கொண்டிருப்பார். இருட்டும் நேரத்துக்கு ட்ரக் ஸ்டாப் நிரம்பிவிடும். பெரிய ஸ்டாப்களில் முன்பதிவுக்கான இடங்கள் இருக்கின்றன, அவற்றுக்குத் தனிக் கட்டணம். மிச்ச இடங்கள் முந்தியவர்களுக்கு.

இதனால் டிரைவர்கள் மணி மிச்சமிருக்கும்போதே முன்கூட்டி ஒதுங்கிவிடுகிறார்கள். 2016-ல் வந்த ஓர் ஆய்வு இதை அளந்து பார்த்தது. அமெரிக்கப் போக்குவரத்து ஆராய்ச்சி நிறுவனம் செய்தது. இடம் கிடைக்காதோ என்ற பயத்தில் ஒரு டிரைவர் நாளொன்றுக்குச் சராசரியாக 56 நிமிட ஓட்டத்தை விட்டுக்கொடுக்கிறார். வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் சுமார் 4,600 டாலர் வருமான இழப்பு. மைல் கணக்கில் சம்பளம் வாங்குகிறவருக்கு அது வீட்டு வாடகை.

வீட்டுக்குப் போக ஒரு வழி சட்டத்திலேயே இருக்கிறது. வேலையில் இல்லாத நேரத்தில் வண்டியைச் சொந்த வேலைக்கு ஓட்டலாம், அது ஓட்டு நேரத்தில் சேராது என்று மத்தியப் போக்குவரத்துத் துறை 2018-ல் விளக்கம் கொடுத்தது. டிரெய்லரை விட்ட யார்டிலிருந்து, அதாவது வண்டிகள் நிற்கும் வளாகத்திலிருந்து, வீட்டுக்குப் போய் வருவது அதில் அடங்கும். லோடு ஏற்றும் அல்லது இறக்கும் இடத்தில் மணி முடிந்துவிட்டால், அங்கிருந்து பக்கத்தில் பாதுகாப்பான ஓர் இடத்துக்குப் போய் நிறுத்துவதும் அடங்கும். அடுத்த லோடுக்கு நெருங்கிப் போவதற்காக, நிறுத்த இடம் இருந்தும் தாண்டி ஓட்டினால் அது அடங்காது. மைல் வரம்பு எதுவும் மத்திய விதியில் கிடையாது. கனடாவில் நாளைக்கு 75 கிலோமீட்டர் என்று வரம்பு உண்டு. ஆனால் சட்டம் அனுமதித்தாலும் கம்பெனி அனுமதிக்க வேண்டும். இன்சூரன்ஸைக் காட்டி முழுக்கத் தடுக்கும் கம்பெனிகளும் இருக்கின்றன. முப்பது மைல், ஐம்பது மைல் என்று அவர்களாகவே வரம்பு வைப்பவர்களும் இருக்கிறார்கள். வேலைக்குச் சேரும்போது இதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை. முதல் லீவுக்குப் போகும்போதுதான் டிரைவருக்கே தெரியவரும்.

எங்களிடம் ஓட்டும் தமிழர் ஒருவர் டல்லாஸ் புறநகரில் குடியிருக்கிறார். நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். முதல் சில மாதங்கள் அவர் டிரெய்லரை ஒரு வாடிக்கையாளரின் யார்டில் விட்டுவிட்டு, முன்வண்டியை வீட்டுத் தெரு முனையில் நிறுத்தினார். வீட்டு உரிமையாளர் சங்கத்திலிருந்து முதலில் எச்சரிக்கை, பிறகு அபராதம். அடுத்து ஒரு பெரிய கடையின் வாகன நிறுத்தத்தில், அங்கே இருந்த மேலாளரிடம் வாய்வார்த்தையாக அனுமதி வாங்கி நிறுத்தினார். மேலாளர் மாறினார். லீவின் இரண்டாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் சக்கரத்தில் மஞ்சள் பூட்டு. அதைக் கழற்ற அவர் கட்டிய பணம் அந்த மூன்று நாள் லீவில் இழந்த சம்பளத்தையும் தாண்டிவிட்டது. அன்றைக்கு எனக்கு ஃபோன் பண்ணியபோது கோபமே இல்லை அவரிடம். "ஏம்மா, வீட்டுக்கு வராமலே இருந்திருக்கலாம் போல" என்றார். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா உட்கார முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் நேரில் போய்ப் பார்த்தேன். அவர் வாடகைக்கு எடுத்திருந்த புது இடம், ஒரு டயர் கடையின் பின்பக்கம் இருக்கும் காலி மனை. பாதி தார், பாதி சரளைக்கல். டெக்சாஸ் கோடையில் தார் இளகிவிடும். டிரெய்லரைக் கழற்றி விட்டால் அதன் முன்பாரம் முழுக்க இரண்டு இரும்புக் கால்களில் இறங்கும். கால் தாரில் புதைந்துவிட்டால், திரும்பி வந்து மாட்டும்போது முன்வண்டி அடியில் நுழையாது. அண்ணன் கொஞ்சம் கொஞ்சமாகக் கைப்பிடியைச் சுற்றி, கால் தரையைத் தொடுவதற்கு முன் நிறுத்தி, தடிமனான பலகைகளைக் குறுக்கே வைத்தார். பிறகு கடைசிச் சுற்றுகளைச் சுற்றினார். பலகை முனகியது. எட்டி நின்று, மட்டமாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். அப்புறம் டிரெய்லரின் அடியில் முன்வண்டி கொக்கி மாட்டும் குண்டுக் கம்பிக்கு ஒரு பூட்டு. காற்றுக் குழாய் இணைக்கும் இடத்துக்கு இன்னொரு பூட்டு. இந்த இரண்டும் இல்லை என்றால் யார் வேண்டுமானாலும் தங்கள் முன்வண்டியைக் கொண்டு வந்து மாட்டி, லோடோடு இழுத்துக்கொண்டு போய்விடலாம். அப்படி நடக்கத்தான் செய்கிறது. எல்லாம் முடிந்த பிறகு ஃபோனில் நாலு பக்கமும் படம் எடுத்தார். ஏதாவது இடித்திருந்தால் முன்பே இருந்ததா, இங்கே வந்து ஆனதா என்று காட்ட வேண்டுமே.

இவ்வளவையும் அவர் செய்தது லீவு நேரத்தில். பிறகு அவருடைய மனைவி காரில் வந்து கூட்டிக்கொண்டு போனார். வீட்டில் இருந்த நாட்களில் சாயங்காலம் ஒரு தடவை வந்து வண்டியைப் பார்த்துவிட்டுப் போவார். குளிர்பதன டிரெய்லராக இருந்தால் இன்னும் கஷ்டம். உள்ளே சரக்கு இருந்தால் அந்தக் குளிர் இன்ஜின் இரவு பகலாக ஓட வேண்டும். டீசல் தீரக் கூடாது, வெப்பநிலை ஏறக் கூடாது. அந்தச் சத்தத்துக்கு அக்கம்பக்கத்தில் யாரும் ஒப்ப மாட்டார்கள். அதனால் குளிர்பதன லோடோடு யாரையும் லீவுக்கு அனுப்புவதில்லை என்று எங்கள் அலுவலகத்தில் முடிவு செய்துவிட்டோம்.

பாதுகாப்பான இடம் இல்லாததன் விலை உயிராகவும் இருந்திருக்கிறது. 2009 மார்ச்சில் ஜேசன் ரிவன்பர்க் என்ற டிரைவர் தெற்கு கரோலினாவில் லோடு இறக்கப் போனார். சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். முன்கூட்டியே உள்ளே விடமாட்டார்கள். பக்கத்தில் நிறுத்த இடம் இல்லாமல், மூடிக் கிடந்த ஒரு பெட்ரோல் பங்கில் ஒதுங்கினார். அங்கே அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவரிடமிருந்து எடுத்தது 7 டாலர். மனைவி ஹோப் அப்போது இரட்டைக் குழந்தைகளோடு கர்ப்பமாக இருந்தார். அந்த நிலையிலிருந்து எழுந்து அவர் விடாமல் போராடியதால் 2012-ல் நெடுஞ்சாலைச் சட்டத்தின் ஒரு பகுதியாக 'ஜேசன் சட்டம்' வந்தது. ட்ரக் நிறுத்தங்களுக்கு மத்திய அரசுப் பணத்தைச் செலவிடலாம், எவ்வளவு இடம் இருக்கிறது என்று அரசு எண்ணிப் பார்க்க வேண்டும் என்றது அந்தச் சட்டம்.

எண்ணினார்கள். 2019 கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் சுமார் 3,13,000 இடங்கள். அதில் அரசு ஓய்விடங்களில் இருப்பவை சுமார் 40,000 மட்டும். மிச்சம் தனியார் ட்ரக் ஸ்டாப்கள். பாதுகாப்பான இடம் கிடைப்பதில் அடிக்கடி சிக்கல் என்று சொன்ன டிரைவர்கள் 98 சதவீதம். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் அது 75 சதவீதமாக இருந்தது. சட்டம் வந்த பிறகு நிலைமை மோசமாகித்தான் இருக்கிறது.

இந்தக் கணக்கெல்லாம் வழியில் இரவு தங்குவதைப் பற்றியது. நெடுஞ்சாலையை ஒட்டி, பத்து மணி நேரத்துக்கு ஓர் இடம். லீவில் வீட்டுக்கு வரும் டிரைவருக்குத் தேவை வேறு: வீட்டிலிருந்து பக்கத்தில், மூன்று நான்கு நாட்களுக்கு, ஆள் இல்லாமல் வண்டி பத்திரமாக நிற்க ஓர் இடம். நெடுஞ்சாலை ஓய்விடங்கள் இதற்கு உதவாது. கலிபோர்னியாவில் 24 மணி நேரத்துக்குள் 8 மணி நேரத்துக்கு மேல் அங்கே தங்கக் கூடாது. ட்ரக் ஸ்டாப்பில் ஆள் இல்லாத வண்டி இரண்டாம் நாளும் நின்றால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. அந்த இடத்துக்காக இருட்டில் சுற்றிச் சுற்றி வருகிற வேறொரு டிரைவர் இருக்கிறாரே.

என் கோபம் ஊர் நிர்வாகங்கள் மேல்தான். ஒரு ஊர் பெரிய கிடங்குக்கு அனுமதி கொடுக்கும். வேலைவாய்ப்பு, வரி என்று பெருமையாகச் சொல்லும். அந்தக் கிடங்குக்கு ஒரு நாளைக்கு எத்தனை ட்ரக் வரும் என்று சாலைப் பொறியாளர் கணக்குப் போட்டுக் கொடுப்பார். வந்த வண்டிகள் எங்கே நிற்கும் என்ற கேள்வி மட்டும் அந்த மேஜையில் வராது. அதே ஊரில் யாராவது ஒருவர் தன் காலி மனையை ட்ரக் நிறுத்தமாக்க மனு கொடுத்தால், சத்தம், புகை, வீட்டு விலை குறையும் என்று எதிர்ப்பு வரும், மனு தள்ளுபடியாகும். கடையில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் அந்த வண்டியில் வந்தது. ஓட்டி வந்தவர் அதே ஊரில் வரி கட்டிக் குடியிருப்பவர். சரக்கை வாங்கிக்கொண்டு வண்டியை விரட்டுவது எந்த ஊருக்கும் அழகில்லை.

ஐரோப்பாவில் இதை வேறு பக்கத்திலிருந்து பிடித்தார்கள். 2020 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, டிரைவர் நான்கு வாரத்துக்குள் ஒரு முறையாவது வீட்டுக்கோ கம்பெனி இருக்கும் இடத்துக்கோ திரும்பும்படி கம்பெனிதான் வேலையை ஒழுங்கு செய்ய வேண்டும். 45 மணி நேர வார ஓய்வை வண்டிக்குள் எடுக்கக் கூடாது. வெளியே தங்கினால் அந்தச் செலவு கம்பெனியுடையது. அங்கேயும் இடப் பற்றாக்குறை கடுமையாக இருக்கிறது, விதியை ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் வீட்டுக்குப் போவது டிரைவரின் தனிப்பட்ட சங்கடம் இல்லை, வேலை கொடுத்தவரின் கடமை என்று எழுத்தில் இருக்கிறது. அமெரிக்க விதிகள் எத்தனை மணி நேரம் ஓய்வு என்று சொல்கின்றன, எங்கே என்று கேட்பதே இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்குப் போவது ஒரு பாதி என்றால், வீட்டிலிருந்து கிளம்புவது மறு பாதி. தெற்கு புளோரிடாவில் குடியிருப்பவரை வீட்டுக்கு அனுப்புவது எனக்குச் சுலபம், அங்கே போகும் லோடுகள் நிறைய. அங்கிருந்து வெளியே வரும் சரக்கு குறைவு. லீவு முடிந்து கிளம்பும் நாளில் லோடு கிடைக்காமல் இரண்டு நாள் காத்திருப்பார், இல்லை என்றால் காலி வண்டியை ஜார்ஜியா வரை ஓட்டிக்கொண்டு வருவார். சில கம்பெனிகள் அந்தப் பகுதியிலிருந்து நெடுந்தூர டிரைவர்களை வேலைக்கே எடுப்பதில்லை. அப்படிக் காத்திருக்கும் இரண்டு நாளும் வண்டி எங்கேயோ ஓர் இடத்தில் நிற்க வேண்டும், அதற்கும் வாடகை. அந்த இரண்டு நாளை லீவு என்று கணக்கில் எழுதும் கம்பெனிகளும் இருக்கின்றன. காத்திருப்பதை லீவு என்று எழுதுவது அநியாயம்.

தமிழ் ஆட்கள் இப்போது அமெரிக்காவிலும் கனடாவிலும் இந்தத் தொழிலுக்கு வருகிறார்கள். அவர்களில் சிலர் என்னிடம் விசாரிக்கிறார்கள். மைலுக்கு எவ்வளவு என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கிறது. அதைக் கேளுங்கள், ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் வண்டியை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்றும் கேளுங்கள். சொந்த உபயோகத்துக்கு எத்தனை மைல் அனுமதி, உங்கள் வீட்டுக்கு மிக அருகில் கம்பெனியின் யார்டோ டிரெய்லர் விடும் இடமோ எங்கே இருக்கிறது, வெளியே நிறுத்தினால் வாடகை யாருடையது, வண்டியை யாராவது பூட்டினாலோ இழுத்துப் போனாலோ யார் பொறுப்பு என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். நீங்கள் லீவில் இருக்கும்போது உங்கள் வண்டியை வேறு டிரைவருக்குக் கொடுப்பார்களா என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சில இடங்களில் கொடுப்பார்கள். அப்படியானால் படுக்கை, துணி, அடுப்பு என்று எல்லாவற்றையும் ஒவ்வொரு லீவுக்கும் இறக்கி ஏற்ற வேண்டும். லீவு கேட்பதையும் இரண்டு வாரம் முன்பே எழுத்தில் கேளுங்கள். நாங்கள் வீட்டுப் பக்கம் போகும் லோடைத் தேட அந்த இரண்டு வாரம் உண்மையிலேயே தேவைப்படுகிறது. வியாழக்கிழமை சொல்லி வெள்ளிக்கிழமை வீடு என்றால் எந்த டிஸ்பாட்சராலும் முடியாது.

எங்கள் அலுவலகத்தில் நான் சண்டை போட்டு வாங்கிய மாற்றம் ஒன்று இருக்கிறது. லீவுப் படிவத்தில் இப்போது வண்டி நிற்கும் இடத்துக்கு ஒரு கட்டம் உண்டு. அது நிரம்பாமல் லீவுக்கான கடைசி லோடை நான் ஒதுக்குவதில்லை. டிரைவருக்கு இடம் தெரிந்திருந்தால் அவர் எழுதுவார், இல்லை என்றால் தேடுவது என் வேலை. காலி மனையை நாள் கணக்கில் வாடகைக்கு விடுகிறவர்கள் செயலிகளில் இருக்கிறார்கள். வேலியும் விளக்கும் கேமராவும் இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுவேன். நீள வண்டி உள்ளே திரும்ப வழி இருக்கிறதா என்று செயற்கைக்கோள் படத்தில் பார்ப்பேன். சில வாடிக்கையாளர்கள் காலி டிரெய்லரைத் தங்கள் யார்டிலேயே வார இறுதிக்கு விட ஒப்புக்கொண்டார்கள், கேட்டதும் சரி என்றவர்கள் அதிகம். வாடகையைக் கம்பெனி கொடுக்கிறது. முதலாளி முதலில் ஒப்பவில்லை. லீவு சரியாகக் கிடைக்காமல் ஒரு டிரைவர் வேலையை விட்டுப் போனால், புது ஆளைத் தேடிப் பயிற்சி கொடுக்க ஆகும் செலவு எத்தனை மாத வாடகைக்குச் சமம் என்று பழைய பில்களை எடுத்து அவர் மேஜையில் வைத்தேன். அடுத்த வாரத்திலிருந்து நடைமுறைக்கு வந்தது. ஆள் இல்லாத கிராமப் பகுதிகளுக்கும், துறைமுகத்தை ஒட்டிய நெருக்கடியான ஊர்களுக்கும் இன்னும் இடம் கிடைப்பதில்லை. அந்த ஊர்களில் டயர் கடை, மர அறுவை மில், பழைய தொழிற்சாலை என்று ஒவ்வொன்றாக ஃபோன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.